அம்மாவுக்கு உடம்பு எப்படி?

2017 பிப்ரவரியில் 'காஸி' படத்தைப் பார்த்தேன். 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் மூழ்கிய காஸி என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கியைப் பற்றிய படம். தெலுங்கிலும் இந்தியிலும் எடுத்துத் தமிழ் பேச வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டம். அடிபட்டுக் கிடக்கிற இந்திய நீர்மூழ்கியால் இப்படி அப்படித் திரும்பக்கூட முடியாது. எதிரி தானாக, தண்ணீருக்கடியில் பாய்கிற டார்பிடோ குண்டின் வாய்க்கு நேரே வந்து நின்றால்தான் உண்டு. அவனுக்கு வெறி ஏற்றி வரவழைக்க, உள்ளே இருக்கிற மாலுமிகள் அத்தனை பேரும் சேர்ந்து தேசிய கீதம் பாடுகிறார்கள். தியேட்டரே எழுந்து நின்றது. படத்துக்குள் வருகிற தேசிய கீதத்துக்கு எழுந்து நிற்க வேண்டியதில்லை என்று அதே வாரத்தில்தான் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. நானும் நின்றேன். தொண்டை அடைத்துக்கொண்டது. சில நிமிடங்களில் காஸி வெடித்துச் சிதறியபோது எல்லோருடனும் சேர்ந்து கை தட்டினேன்.

வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் ஒரு கேள்வி வந்தது. அந்தப் பாட்டை அந்தப் பக்கம் முதலில் கேட்டவன் யார்? நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. பெரிஸ்கோப்பை உயர்த்த முடியாத ஆழத்துக்குப் போய்விட்டால் கண்ணுக்கு வேலையே இல்லை. தண்ணீருக்கடியில் ஒலியை வைத்துத் தேடுகிற கருவியான சோனார் இருக்கிற அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ஒருவனின் காதுதான் மொத்தக் கப்பலுக்கும் கண். இத்தனை பேர் சேர்ந்து பாடுகிற குரல் தண்ணீரில் மிதந்து வந்தபோது அவன் என்ன நினைத்திருப்பான்? படம் அவன் பக்கம் திரும்பவே இல்லை. நானும் தியேட்டரில் அவனைத் தேடவில்லை. அன்று பிடித்த உறுத்தல் வருடக் கணக்கில் விடவில்லை. நீர்மூழ்கிக் கதை எது கிடைத்தாலும் பார்ப்பவன், படிப்பவன் நான். அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும், அந்தப் பக்கத்துக் காதுக்காரன் எங்கே இருக்கிறான் என்றுதான் மனம் தேடுகிறது.

இந்தக் கதைகளில் எல்லாம் 'டிங்... டிங்...' என்று ஓர் ஒலி வந்துகொண்டே இருக்கும். சோனார் ஒலியை அனுப்பி, அது எதிரியின் மேல் பட்டுத் திரும்புவதைக் கேட்கிற சத்தம். அந்த ஒலி இல்லாமல் எந்த இயக்குநரும் நீர்மூழ்கிப் படம் எடுப்பதில்லை. நிஜத்தில், ஒளிந்திருக்கிற நீர்மூழ்கி அந்த ஒலியை விடுவதற்கு ரொம்பவே யோசிக்கும். இருட்டு அறையில் டார்ச் அடிப்பது போல அது. எதிரி எங்கே என்று நமக்குத் தெரிவதற்கு முன்பே நாம் எங்கே என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் பெரும்பாலான நேரம் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. இஞ்சினை நிறுத்தி, பாத்திரம் உருளாமல், ஸ்பேனர் கீழே விழாமல், மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு மணிக்கணக்கில் கேட்பது. வேறு எந்தப் போர்க்கதையிலும் எதிரியின் மேல் இவ்வளவு கவனத்தை ஒருவன் வைப்பதில்லை. பெற்ற பிள்ளை மூச்சு விடுவதைக்கூட நாம் அப்படிக் கேட்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

தொண்ணூற்றொரு மீட்டர்

இரண்டு வருடம் முன்பு விசாகப்பட்டினம் போயிருந்தேன். ராமகிருஷ்ணா கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுராவைக் கரையேற்றி 2002 முதல் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 1969-ல் பணிக்கு வந்து 2001-ல் ஓய்வு பெற்ற ரஷ்யத் தயாரிப்பு. வெளியிலிருந்து பார்த்தால் பிரமாண்டம். உள்ளே கால் வைத்தால் நம் ஊர் ரயில் பெட்டியின் நடைபாதை இதைவிட அகலம் என்று தோன்றும். வட்டக் கதவுக்குள் முதலில் ஒரு காலை விட்டு, குனிந்து தலையை விட்டு, பிறகு மறு காலை இழுத்துக்கொள்ள வேண்டும். குழாய்கள், வால்வுகள், மீட்டர்கள். டார்பிடோவுக்குப் பக்கத்திலேயே படுக்கை. இந்த வகைக் கப்பலில் எழுபத்தைந்து பேர் போல வாரக் கணக்கில் இருப்பார்களாம். டீசல் வாசனை இன்னும் போகவில்லை. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

கூட்டிக்கொண்டு போனவர் கடற்படையில் ஓய்வு பெற்றவர், தெலுங்கர். நான் செல்போனில் வீட்டுக்குப் பேசியதைக் கேட்டுவிட்டு, "என்ன சார், தமிழா? நான் விஜயநாராயணத்துல நாலு வருஷம் இருந்தேம்லா" என்றார். நெல்லைத் தமிழ். திருநெல்வேலி மாவட்டத்து விஜயநாராயணத்தில் இருக்கிற ஐஎன்எஸ் கட்டபொம்மன், கடலுக்கடியில் இருக்கிற நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்புகிற நிலையம். மிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும்தான் கடல் நீருக்குள் சில மீட்டராவது இறங்கும். அதை அனுப்பத்தான் அங்கே வானுயர்ந்த கோபுரங்கள். "கரையிலேர்ந்து நாம பேசலாம் சார். அவன் கேப்பான். பதில் சொல்ல முடியாது. கேட்டானா இல்லையான்னுகூட நமக்குத் தெரியாது" என்றார். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

சோனார் அறைக்கு வந்தபோது படத்தைப் பற்றிக் கேட்டேன். பாட்டுப் பாடுவார்களா? அவர் சிரிக்கவில்லை. "படம் நல்ல படம் சார். எங்காளுங்களும் போய்ப் பாத்தாங்க. ஆனா உள்ளே நாங்க பேசறதே மெதுவாத்தான். லீவுல வீட்டுக்குப் போனா, ஏன் இப்பிடி ரகசியம் பேசறேன்னு பொண்டாட்டி திட்டுவா." அப்புறம் சுவரில் கையை வைத்துக்கொண்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னார். "காஸியும் கிட்டத்தட்ட இதே நீளம்தான். நாலு மீட்டர் அதிகம். அவ்வளவுதான்."

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. குர்சுரா 91 மீட்டர், காஸி 95. இந்தப் படுக்கைகள் மாதிரி படுக்கைகள். இந்தக் கதவு மாதிரி கதவு. இதில் ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு 93 பேர். படத்தில் காஸி என்பது கறுத்த ஒரு மீன்; வெடித்ததும் கை தட்டினோம். இங்கே நான் அதன் வயிற்றுக்குள் நின்றுகொண்டிருந்தேன், தலையில் இரும்புக் குழாய் இடித்துக்கொண்டு. அதுவரைக்கும் 93 என்பது எனக்கு வெறும் எண். அன்றைக்கு முதல் தடவையாக அது இடமாகத் தெரிந்தது: இவ்வளவு காற்று, இவ்வளவு தண்ணீர், இவ்வளவு தூரத்தில் அடுத்தவன் முகம்.

நாகர்கோவில்காரர் போட்ட தூண்டில்

ஊருக்குத் திரும்பியதும் 1971-ஐத் தோண்டி எடுத்துப் படித்தேன். நடந்தது படத்தைவிட எத்தனையோ மடங்கு பெரிய கதை. அதில் நீர்மூழ்கியோடு நீர்மூழ்கி மோதவே இல்லை.

அப்போது கிழக்குக் கடற்படைக்குத் தலைவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் பிறந்தவர். அவர் கையில் இருந்த பெரிய சொத்து விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த். அதன் கொதிகலனில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. அதை வேட்டையாட 1971 நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பியது காஸி. அமெரிக்கா கட்டி, டயாப்லோ என்ற பெயரில் ஓட்டி, பிறகு பாகிஸ்தானுக்குக் கொடுத்த கப்பல் அது. அவ்வளவு தூரம் சுற்றி வங்கக் கடலுக்கு வரக்கூடிய நீர்மூழ்கி பாகிஸ்தானிடம் அது ஒன்றுதான் இருந்தது.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் பக்கம் ஒளித்து வைத்தார். வைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று உலகத்தை நம்ப வைத்தார். சென்னையில் இருந்த கடற்படை அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, விசாகப்பட்டினத்துப் பக்கம் இருக்கிற விக்ராந்த் சென்னைக்கு வரப் போகிறது, இடம் தயார் செய்து வை என்றார். ஒரு பெரிய கப்பற்படைக்கே சமைத்துப் போடும் அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் விசாகப்பட்டினத்துக் காண்ட்ராக்டர்களிடம் ஆர்டர் போட வைத்தார். சந்தைக்கு வந்த செய்தி ஒற்றர் காதுக்குப் போகாமல் இருக்காது. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவது போல வயர்லெஸ்ஸில் ஓயாமல் பேச வைத்தார்.

இவையெல்லாம் சாமர்த்தியம். இன்னும் ஒன்று இருக்கிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். ரகசியக் குறி எதுவும் இல்லாத, யார் வேண்டுமானாலும் ஒட்டுக்கேட்கக்கூடிய ஒரு சாதாரணச் செய்தியை அனுப்பினார்கள். விக்ராந்தில் இருக்கிற ஒரு மாலுமி, படுத்த படுக்கையாகக் கிடக்கிற தன் அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது போல. அப்படி ஒரு மாலுமி இல்லை. அந்த அம்மாவும் இல்லை.

நான் கிருஷ்ணனைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் இருந்தன. விக்ராந்தில் இருந்த அத்தனை பேருக்கும் உண்மையான அம்மாக்கள் இருந்தார்கள். அந்தச் செய்தியை யோசித்தவர் மனிதர்களை நன்றாகத் தெரிந்தவர். போர்ச் செய்தி என்றால் எதிரி சந்தேகப்படுவான்; மகன் அம்மாவைப் பற்றிக் கேட்டால் சந்தேகப்பட மாட்டான். ஏன் மாட்டான்? ஒட்டுக்கேட்கிறவனுக்கும் ஊரில் ஓர் அம்மா இருப்பாள். நம்மை நம்ப வைப்பதற்கு அதைவிடப் பலமான சாட்சி எந்த மொழியிலும் கிடையாது. பொய் என்று தெரிந்தே எழுதிய அந்த ஒரு வரிக்குள்தான், எதிரியும் மனிதன் என்ற உண்மை முழுசாக இருந்தது.

அந்தச் சமிக்ஞைகளையெல்லாம் நம்பி விசாகப்பட்டினத்து வாசலில் காத்துக்கிடந்தது காஸி. டிசம்பர் 3-ஆம் தேதி சாயங்காலம் போர் தொடங்கியது. நள்ளிரவை ஒட்டி ராஜ்புத் துறைமுகத்தை விட்டுக் கிளம்பியது. தண்ணீரில் ஏதோ கலங்குவதைப் பார்த்து ஆழ வெடிகளைப் போட்டது. சற்று நேரத்தில் ஊரில் ஜன்னல்கள் அதிர்ந்தன. அந்த வெடிகளால்தான் காஸி மூழ்கியது என்பது இந்தியத் தரப்பு. தானே விதைத்த கண்ணிவெடியிலோ உள்ளே நடந்த வெடிப்பிலோ மூழ்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. எப்படியானாலும் 93 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கப்பல் இன்றைக்கும் அந்தக் கரைக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது.

தேசிய கீதம் பாடி எதிரியை வரவழைத்ததாகப் படம் காட்டியது. நிஜத்தில் வரவழைத்தவற்றில் அம்மாவின் உடம்பும் ஒன்று. இந்தக் கதையை ஏன் எடுக்கவில்லை என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. எடுத்திருந்தால் அந்தப் பக்கத்துக் காதுக்காரனைக் காட்டியே ஆக வேண்டும். அவன் கேட்கிறான், நம்புகிறான், இரங்கக்கூடச் செய்திருக்கலாம். அவனைக் காட்டிவிட்டால் கடைசியில் கை தட்ட முடியாது. அதற்காக விக்ராந்த் தப்பியதில் சந்தோஷப்படவும் முடியாமல் போகாது. இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற மாதிரி ஒரு படம் நம் ஊரில் வர வேண்டும் என்று நிஜமாகவே ஆசைப்படுகிறேன்.

அப்படித் தாங்கிய படம் ஒன்று இருக்கிறது. 1981-ல் வந்த ஜெர்மன் படம், 'தாஸ் போட்'. வொல்ஃப்காங் பீட்டர்சன் எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகளில் போனவர்கள் நாற்பதாயிரம் பேர், முப்பதாயிரம் பேர் திரும்பவில்லை என்ற எழுத்தோடு தொடங்கும். அமெரிக்காவில் முதல் தடவை திரையிட்டபோது அந்த எழுத்து வந்ததும் அரங்கம் கை தட்டியதாம். படம் முடிந்ததும் அதே அரங்கம் எழுந்து நின்றதாம். பீட்டர்சனே சொல்லியிருக்கிறார். அதைப் படித்தபோது என் தியேட்டர் ராத்திரி ஞாபகம் வந்தது.

அந்தப் படத்தில் ஓர் இடம். எண்ணெய்க் கப்பல் ஒன்றை அடித்துவிட்டு, துரத்தி வந்த நாசகாரிகளின் வெடிகளுக்கெல்லாம் தப்பி, மணிக்கணக்கில் ஒளிந்திருந்துவிட்டு மேலே வருகிறார்கள். அந்தக் கப்பல் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. ஆட்களை எல்லாம் இதற்குள் மீட்டிருப்பார்கள் என்று நினைத்து, முழுசாக மூழ்கட்டும் என்று இன்னொரு டார்பிடோ விடுகிறான் கேப்டன். அப்புறம்தான் தெரிகிறது, மேல்தளத்தில் ஆள் ஓடுகிறான். நெருப்போடு கடலில் குதிக்கிறார்கள். இவர்களை நோக்கி நீந்தி வருகிறார்கள். உள்ளே ஏற்றிக்கொள்ள இடம் இல்லை. கப்பலைப் பின்னால் நகர்த்தச் சொல்கிறான் கேப்டன். மெதுவாகப் பின்வாங்குகிற கப்பல், அதைப் பிடிக்க நீந்துகிறவர்கள், மேலே நின்று பார்க்கிறவர்களின் முகங்கள். அதுவரை ஹெட்ஃபோனில் வெறும் இரைச்சலாகக் கேட்டது இப்போது தண்ணீரில் கை வீசுகிறது. எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறேன்.

எம்டன், நீமோ

எங்கள் ஆத்தாவுக்கு ராயபுரம். சின்ன வயதில் எனக்குச் சோறு ஊட்டும்போது எம்டன் கதை சொல்லும். "தண்ணிக்கு அடியிலயே வந்தான். யார் கண்ணுலயும் படல. டமால்னு எழும்பினான், எண்ணெ டாங்கிய அடிச்சான், அப்பிடியே முங்கிப் பூட்டான்." எம்டன் நீர்மூழ்கி இல்லை, கடல்மேல் ஓடிய ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி சென்னையில் குண்டு போட்டுவிட்டு இருட்டில் போய்விட்டது. பின்னாளில் இது தெரிந்தபோது ஆத்தாவைத் திருத்தப் போனேன். "எங்கப்பா சொன்னாரு" என்று முடித்துவிட்டது. அதன் அப்பா அந்த ராத்திரி கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களில் ஒருவர். கண்ணில் படாமல் வந்து கண்ணில் படாமல் போனது என்றால் தண்ணீருக்கடியில்தானே வந்திருக்க வேண்டும்? அந்தத் தர்க்கத்தில் எனக்கு இப்போது குறை தெரியவில்லை. எனக்குப் பிடித்தது வேறு. நம்மைச் சுட்டுவிட்டுப் போனவனைத் தமிழ் அரக்கனாக்கவில்லை. 'அவன் பெரிய எம்டன்' என்று, கெட்டிக்காரனுக்குச் சொல்கிற சொல்லாக்கி வீட்டுக்குள் எடுத்து வைத்துக்கொண்டது. பயமும் மரியாதையும் ஒரே சொல்லில்.

உலகத்துக்கே நீர்மூழ்கிக் கதையைக் கற்றுக்கொடுத்த ஜூல் வெர்னின் நாவலிலும் இந்தப் பக்கத்துக் கடல் வருகிறது. கேப்டன் நீமோ தன் நாட்டிலஸை மன்னார் வளைகுடாவுக்குக் கொண்டுவருகிறான். கல்லைக் காலால் பற்றிக்கொண்டு முத்துக் குளிக்க இறங்கிய ஓர் ஏழையைச் சுறா தாக்குகிறது. மனித குலத்தின் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று கடலுக்குள் போன நீமோ, கத்தியை உருவிக்கொண்டு அந்தச் சுறா மேல் பாய்கிறான். குளியாளை மேலே கொண்டுவந்து மூச்சு வரவைத்து, அவன் கையில் ஒரு பை முத்தை வைத்துவிட்டுப் போகிறான். அடக்கி வைக்கப்பட்ட நாட்டுக்காரன் அவன், நானும் கடைசி மூச்சுவரை அவர்களில் ஒருவன்தான் என்கிறான். நீமோ யார் என்பதை அடுத்து வந்த ஒரு நாவலில்தான் வெர்ன் சொன்னார்: பந்தேல்கண்ட் இளவரசன் தக்கார். பதினான்கு வயதில் அந்த அத்தியாயத்தைப் படித்தபோது சுறாவைத்தான் பார்த்தேன். இப்போது படித்தால், முன்பின் தெரியாத ஒரு மனிதனுக்காகப் பாறை மறைவிலிருந்து வெளியே வந்தவனைத்தான் பார்க்கிறேன். குளித்தவனுக்கு வெர்ன் பெயர் வைக்கவில்லை. மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்களில் நம் கரைக்காரர்களும் உண்டு. நம் ஆட்களில் ஒருவன் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

குர்சுராவின் பின்பக்கக் கதவு வழியாக வெளியே வந்தபோது மணி ஆறு இருக்கும். கடற்கரைச் சாலையில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி 1971 வெற்றிக்கான நினைவுச்சின்னம். பிள்ளைகள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வழிகாட்டியிடம், கேட்கிற வேலையில் நீங்கள் இருந்திருக்கிறீர்களா என்றேன். இருந்தேன் என்றார். "முதல்ல எறா சத்தம்தான் சார் கேக்கும், எண்ணெயில கடுகு பொரியற மாதிரி. அது பழகினப்புறம் கப்பல் கேக்கும். ஒரே கப்பல மூணு நாள் கேட்டா, அந்த இஞ்சினுக்கு எங்க நோவுன்னு சொல்லிருவேன். அது தள்ளிப் போயிருச்சுன்னா ஒரு மாதிரியா இருக்கும்." கடலைப் பார்த்துக் கையை நீட்டினார். "அங்கதான் கிடக்கு." எந்தக் கப்பல் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சிறிது நேரம் இரண்டு பேரும் அந்தத் திசையிலேயே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டு முன்பக்கம் போனார். தலையைக் குனிந்து வாருங்கள், மெதுவாக வாருங்கள் என்று தெலுங்கில் அவர்களிடம் சொல்வது கேட்டது.